நான் கீழே ஊற்றிய மழை

வருஷத்தில் ஆறு மாதம் நான் நானாக இருந்தேன், மீதி ஆறு மாதம் இன்னொருத்தியாக இருந்தேன். அக்டோபர் பிறந்தால் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் என் பெயர் ஏறும். மார்ச் முடிந்ததும் இறங்கிவிடும். ஏப்ரல் முதல் தேதி அதே இடத்தில் வேறொரு பெண்ணின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். அவள் அப்போதிருந்த கிளார்க்கின் மச்சினி, திருப்பூரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அவள் கையெழுத்தை அவளைவிட நான்தான் அதிகம் போட்டிருப்பேன்.

சேர்ந்த புதிதில் இது எதற்கு என்று கேட்டேன். எல்லா இடத்திலும் இப்படித்தான், ஒரே ஆள் வருஷம் முழுக்க இருப்பதாகக் காட்டினால் மேலே கேள்வி வரும் என்றார் கிளார்க். பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, வேலை நம்முடையதுதானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பதினோரு வருஷம் அந்தக் கோபம் எங்கே போய்த் தூங்கியது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அது கண்மாய்களையும், அவற்றில் உபரித் தண்ணீர் வழிகிற கலிங்குகளையும் பார்த்துக்கொள்ளும் ஓர் அரசு ஆபீஸ். திருமயத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது. எது என்று சொல்லப்போவதில்லை, இன்னமும் நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். காலையில் அரிமளத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவேன். கூட்டுவது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, தபாலைப் பிரித்து அடுக்குவது, டீ வாங்கி வருவது எல்லாம் என் தலையில்தான். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு வேலை இருந்தது. காலை எட்டரை மணிக்கு மழை அளப்பேன்.

ஆபீஸுக்குப் பின்னால் கம்பி வேலி போட்டு ஒரு மழைமானி நட்டிருந்தது. முழங்கால் உயரத்துக்கு ஓர் உருளை, மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், அவ்வளவுதான். முந்தின நாள் எட்டரையிலிருந்து இன்றைக்கு எட்டரைவரை பெய்தது அந்தப் பாட்டிலில் இருக்கும். அதைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குனிந்து கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் கையெழுத்து. அதைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணன் மாவட்டத்துக்குப் போன் செய்வார். பெய்யாத நாளுக்கும் பெய்யவில்லை என்று சுழி போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் எதற்கும் லீவு கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் நாலைந்து தடவை குவளையை நிரப்பி அளக்கிற மாதிரி பெய்யும்போது எனக்கு ஒரு திமிரே வரும். மறுநாள் பேப்பரில் எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே போடுகிற எண் நான் அளந்தது. வீட்டில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன்.

கோடையில் நிலைமை வேறு. பங்குனி, சித்திரை, வைகாசியில் வேலியைத் திறந்து காலிப் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு மூட வேண்டும், தினமும். இந்த வேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். திங்கட்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்துச் சுழி போட்டுவிடுவார்கள். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய பதிவேட்டைப் புரட்டினால் தெரியும், ஏழு நாள் சுழியும் ஒரே மையில், ஒரே சாய்மானத்தில், தட்டில் எடுத்து வைத்த முறுக்கு மாதிரி இருக்கும். நான் வாரக் கணக்கெல்லாம் போடுவதில்லை. ஆனால் ஊருக்குப் போகிற நாள் வந்தால் இரண்டு மூன்று சுழியை முன்கூட்டியே போட்டிருக்கிறேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் இதுதான் என் கழுத்துக்கு வந்தது.

பன்னிரண்டாவது வருஷம் ஒரு புது அதிகாரி வந்தார். அவர் வந்த கொஞ்ச நாளில், என்னை நிரந்தரமாக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். என்னோடு படித்தவள் ஒருத்தி வேறொரு துறையில் அப்படி நிரந்தரமானாள் என்று கேள்விப்பட்டதுதான் காரணம். அதிகாரி மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். முகம் மாறவில்லை. மாதக் கடைசியில், பழையவர் இறந்த பிறகு வந்த கிளார்க் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம், ஒப்பந்தத்தில் வேறொரு பெண்ணைப் போட்டிருக்கிறது என்றார். நீங்கள் மழைக்காலத்துக்கு மட்டும் எடுத்த ஆள்தானே என்று சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக வெயிலில் காலிப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்த நான் மழைக்கால ஆளாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு குடம் தண்ணீரை முகத்தில் அடித்துக் கழுவிவிட்டுத்தான் பேசினேன். என் வீட்டுக்காரர் கொத்தனார். எதையும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துத்தான் நம்புவார். நான் கோர்ட்டுக்குப் போகப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சர்க்காரோடு மல்லுக்கு நிற்பதா என்று கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

“போட்டா முழுசாப் போடு. பாதியில திரும்பி வாரதா இருந்தா இப்பவே இருந்துரு.”

திரும்பி வர மாட்டேன் என்றேன். அந்த வார்த்தையைக் காப்பாற்ற நாலு வருஷம் ஆயிற்று.

முதலில் புதுக்கோட்டையில் தொழிலாளர் அலுவலர் முன்னால் சமரசப் பேச்சு. எங்கள் ஆபீஸிலிருந்து இரண்டு தடவை ஆளே வரவில்லை. மூன்றாம் தடவை வந்தவர், இந்த அம்மா பருவகால ஊழியர், பருவம் முடிந்தது, அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பேச்சு முறிந்தது என்று சான்று கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு திருச்சி லேபர் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். கேட்டது இரண்டே இரண்டு. என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் தொடர்ந்து வேலை பார்த்தவள் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

என் வக்கீல் ஒரு மேடம், என்னைவிட வயதில் சின்னவர். எதையும் பென்சிலில்தான் எழுதுவார், கேட்டால் வாழ்க்கையில் எல்லாம் மாறும் அம்மா என்பார். முதல் நாளே அவர் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். வருஷத்தில் எட்டு மாதமாவது வேலை பார்த்ததாகக் காட்டினால்தான் கேஸ் நிற்கும். என் பெயரில் இருப்பது ஆறு மாதம். மற்ற ஆறு மாதமும் நான்தான் வேலை பார்த்தேன் என்று நிரூபிக்க வேண்டும். அதை நிரூபிக்கப் போனால், இன்னொருத்தி பெயரில் கையெழுத்துப் போட்டதை நானே கோர்ட்டில் ஒத்துக்கொண்டதாகும். கள்ளக் கையெழுத்து என்று என் மேலேயே பாயவும் வழி இருக்கிறது என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு வாரம் டைம் கொடுத்தார். நான் அங்கேயே சொன்னேன், போடச் சொன்னவர்கள் அவர்கள், போட்டவள் நான், இரண்டையும் சொல்லிவிடலாம் என்று.

சாட்சிக்கு வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷமும் காலையில் என் முகத்தில் முழித்தவர். ஆபீஸ் வாசலுக்குப் போகப் பிடிக்காமல் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து பிடித்தேன். அவருக்கு ரிட்டயர் ஆக ஒரு வருஷம்தான் பாக்கி. சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஆனா அங்கிட்டு வந்து உண்மையும் சொல்ல மாட்டேன். என்னை விட்டுருங்க.”

கோபம் வரவில்லை. அந்த வயதில் எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் அரிமளம் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆள் சாட்சி இல்லையென்றால் காகிதச் சாட்சி வேண்டும். வருகைப் பதிவேட்டைக் கேட்டால் தர மாட்டார்கள், கரையான் அரித்துவிட்டது என்பார்கள். மேடம்தான் கேட்டார், உங்கள் கையால் தினமும் எழுதினது வேறு ஏதாவது உண்டா என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மழைப் பதிவேட்டின் நகல் கேட்டு மனுப் போட்டோம். மழைக் கணக்கால் யாருக்கு என்ன ஆபத்து என்று நினைத்திருப்பார்கள். நாற்பது நாளில் ஒரு கட்டாக ஜெராக்ஸ் வந்துவிட்டது.

அந்தக் கட்டை வீட்டுக் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் வருஷம் வருஷமாகப் பிரித்தோம். எல்லாம் என் எழுத்து. அக்டோபரிலிருந்து மார்ச் வரை என் கையெழுத்து, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அவள் கையெழுத்து, ஆனால் எண்கள் இரண்டிலும் ஒரே கை. நான் ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு இழுப்பேன். கொத்தனார்கூடப் பார்த்ததும் சொல்லிவிட்டார், இது ஒரே ஆள் கட்டின சுவர் என்று. அவர் சந்தோஷமாகச் சாப்பிடப் போனார். எனக்கு அந்தக் கட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு மே மாதப் பக்கம் அது. நான் பிறந்தது ஆவூர்ப் பக்கம். அந்த மே மாதம் எங்கள் ஊர் மாதா கோவிலில் தேர். சனிக்கிழமை காலை அளந்துவிட்டு, ஞாயிறுக்கும் திங்களுக்கும் சேர்த்துச் சுழி போட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஞாயிறு சாயங்காலம் தேர் கோவிலை விட்டு இறங்குகிற நேரத்தில் வானம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டியது. ஊரே மாதாவுக்கு பாலித்தீன் தாள் தேடி ஓடுகிறது, நான் மட்டும் தென்கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அங்கேயும் பெய்யுமா, பெய்யாதா? பக்கத்தில் நின்ற என் அண்ணி, எங்கே பார்க்கிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேலியைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். கனத்தது. குவளையில் ஊற்றிப் பார்த்தேன், இருபத்து மூன்று மில்லிமீட்டர். ஞாயிறு சாயங்காலம் பெய்தது, திங்கள் காலைக் கணக்கில் வர வேண்டியது. திங்களுக்கு நேரே நான் போட்ட சுழி இருந்தது. அதைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணன் போனிலும் சொல்லியிருந்தார். திருத்தினால் நான் வராதது தெரியும், முன்கூட்டி எழுதினது தெரியும். செவ்வாய்க் கணக்கில் ஏற்றலாம் என்றால், திங்கள் முழுக்க வெயில் கொளுத்தியதை ஊரே பார்த்திருக்கிறது. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன். பிறகு வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு, உள்ளே போய் ஒரு சுழி போட்டேன். மண் சட்டென்று குடித்துவிட்டது.

என் வேலையில் நான் வெட்கப்படுகிற காரியம் அது ஒன்றுதான். இன்னொருத்தி பெயரில் கையெழுத்துப் போட்டதற்குக்கூட நான் அவ்வளவு வெட்கப்படவில்லை. அதைச் செய்யச் சொன்னார்கள். இதை யாரும் செய்யச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷப் பதிவேட்டை நம்புங்கள் என்று கோர்ட்டில் கொண்டுபோய் வைக்கப் போகிறேன், அதற்குள் நானே வைத்த ஒரு பொய் கிடக்கிறது. மேடத்திடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். சொன்னால் அந்தக் கட்டையே வேண்டாம் என்று எடுத்து வைத்துவிடுவாரோ என்று பயம். கடைசிவரை சொல்லவில்லை. கட்டு கோர்ட்டில் தாக்கலாயிற்று.

ஆபீஸ் தரப்பில் பதிலுரை போட்டார்கள். மனுதாரர் அக்டோபர் முதல் மார்ச் வரை மட்டுமே பணியமர்த்தப்பட்டார், மற்ற மாதங்களில் அவருக்கும் இந்த அலுவலகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதியிருந்தது. எந்தச் சம்பந்தமும் இல்லை என்ற வரியை மேடம் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். நான் மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னேன். சோர்வு வரும்போது நினைத்துக்கொள்ள எனக்கு அது உதவியது.

சோர்வு வராமல் இருக்குமா? வாய்தா மேல் வாய்தா. ஒரு நாள் நீதிபதி லீவு, ஒரு நாள் அரசு வக்கீல் வேறு கோர்ட்டில், ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு. அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து திருச்சி. கீரனூர் தாண்டி மாத்தூர் வரும்போது பிறந்த வீடு பக்கத்தில் இருக்கிற நினைப்பு வரும், இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். ஒரு தடவையும் இறங்கவில்லை. அந்த நாலு வருஷத்தில் அரிமளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். வாய்தாவுக்கு லீவு கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர், அரசாங்கத்தை ஜெயிச்சிட்டாளா என்று கல்யாண வீட்டில் கிண்டலாகக் கேட்பார்கள். இன்னும் இல்லை, உங்கள் பேத்தி சடங்குக்குள் ஜெயித்துவிடுவேன் என்று நானும் சொல்லிவிட்டு இலையில் உட்காருவேன்.

மூன்றாம் வருஷக் கடைசியில் என்னைக் குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரரும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்தார். டவாலி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, பரவாயில்லை, இங்கேயாவது முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான். கூண்டில் ஏறினேன். எதிரே அரசு வக்கீல். அவருக்குப் பின்னால் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி, கையில் ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்.

அரசு வக்கீல் முதலில் கையெழுத்தைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? போட்டிருக்கிறேன். தப்பு என்று தெரியுமா? தெரியும், ஆபீஸில் போடச் சொன்னார்கள், போட்டேன். யார் சொன்னது என்றார், சொன்னேன். அந்தக் கிளார்க் இறந்துபோய் ஆறு வருஷமாயிற்று. இறந்தவர் மேல் பழி போடுகிறீர்கள் என்றார். உயிரோடிருப்பவர்களும் அதே பதிவேட்டைத்தான் மாதாமாதம் பார்த்து ஒப்பமிட்டார்கள் என்றேன். மேடம் பென்சிலால் ஏதோ எழுதினார்.

அதோடு நிறுத்தியிருந்தால் என் கேஸ் எந்தப் பக்கம் சாய்ந்திருக்குமோ தெரியாது. ஆனால் அவருக்குப் பின்னாலிருந்த அதிகாரி எழுந்து ஒரு தாளைக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் அரசு வக்கீலின் முகம் மலர்ந்தது. என் ஜெராக்ஸ் கட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தப் பக்கத்தை எழுதியது நீங்கள்தானே என்றார். நான்தான் என்றேன். மே மாதம், இந்தத் திங்கட்கிழமைக்கு நேரே சுழி போட்டிருக்கிறீர்கள். ஆமாம். அன்றைக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து மழைமானி நிலையத்தில் இருபத்தாறு மில்லிமீட்டர் பதிவாகியிருக்கிறது, இதோ நகல். கொஞ்சம் குரலை உயர்த்தினார். வேலைக்கே போகாமல் பொய்க் கணக்கு எழுதியவர்தானே நீங்கள்? இப்படிப்பட்ட பதிவேட்டைத்தான் கோர்ட் நம்ப வேண்டுமா?

தப்பிக்க ஒரு வழி இருந்தது, எனக்கு அது நன்றாகத் தெரியும். கோடை மழை கண்மாயின் இந்தக் கரையில் பெய்து அந்தக் கரையில் பெய்யாது. எங்கள் பக்கம் பெய்யவில்லை அய்யா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுக்க ஆளில்லை. மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அதைச் சொல்லிவிடுவேன் என்று நம்பினார் என நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றார். என் வாய் அந்தப் பொய்க்குத் திறந்தும்விட்டது. ஆனால் மூன்று வருஷமாக எனக்கும் இந்த அலுவலகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்ற வரியைப் பொய் பொய் என்று திட்டிக்கொண்டிருந்தவள் நான். பதிலுக்கு நானும் ஒன்றைச் சொல்லிவிட்டு அந்தக் கூண்டிலிருந்து இறங்க எனக்குப் பிடிக்கவில்லை.

“பெஞ்சதுங்க அய்யா. இருபத்து மூணு மில்லிமீட்டர். ஊருக்குப் போகணும்னு முன்னாடியே சுழி போட்டுட்டுப் போயிட்டேன். செவ்வாக்கெழமை வந்து அளந்து பாத்துட்டு, மாட்டிக்குவேன்னு பயந்து கீழ ஊத்திட்டேன். அது என் தப்புதாங்க. மத்த நாளெல்லாம் நான் வந்தேன்.”

முன்கூட்டி எழுதியது அந்த ஒரு தடவைதானா என்று நீதிபதி கேட்டார். இன்னும் சில தடவை உண்டு, ஆனால் மழையைக் கொட்டியது அந்த ஒரு நாள்தான் என்றேன். அரசு வக்கீல், வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. போனால் போகிறது, ஜெராக்ஸ் கடை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கூண்டின் கட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

நீதிபதி பழைய தாள்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே அரசு வக்கீலைக் கேட்டார்.

“இது மே மாசம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை இவருக்கும் உங்க அலுவலகத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு பதிலுரையில சொல்லியிருக்கீங்க. சம்பந்தமே இல்லாதவர் அந்த மாசம் வேலைக்கு வரலைன்னு எப்படிக் குறை சொல்றீங்க?”

அரசு வக்கீல் எழுந்தார். பின்னால் திரும்பி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஃபைலைப் பார்த்தார். என் பொய்யைப் பிடிக்கிற அவசரத்தில், அந்தப் பக்கத்தை எழுதியவள் நான்தான் என்று அவர்களே கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். எழுதியது நீங்கள்தானே என்று கேட்டதும், நான்தான் என்றதும் அப்படியே பதிவாகியிருந்தது. எனக்கு இது உடனே புரியவில்லை. மேடம் எழுந்து நின்று, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னபோதுதான் புரிந்தது.

வெளியே டீக்கடையில் மேடம் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா, நான் என்ன உங்கள் எதிரியா, அவர்கள் மே மாதத்தைத் தொடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூச்சு விடாமல் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்வி. நான் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, இருபத்து மூன்று என்று எப்படி ஞாபகம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். மறக்க முடியவில்லை என்றேன்.

தீர்ப்பு வர மேலும் ஒரு வருஷம் ஆனது. திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும், இடையில் முறிவு இல்லாத தொடர்ந்த பணியாக எண்ண வேண்டும் என்று இருந்தது. கூடவே, மனுதாரர் மழை அளவைத் தவறாகப் பதிந்தது கண்டிக்கத்தக்கது என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியையும் சேர்த்தே வீட்டில் சத்தமாக வாசித்தேன். என் வீட்டுக்காரர் தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாத குழந்தையைப் போல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். நான் அழவில்லை. ஆபீஸ் கேட்டுக்குள் கால் வைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவ்வளவு லேசில் வைக்க விடவில்லை. தீர்ப்பின் நகலைக் கொண்டுபோனால், மேல்முறையீடு பற்றி யோசிக்கிறோம், உத்தரவு வரும்போது சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நான் சொல்லி அனுப்பும்வரை வீட்டில் இருக்கிற ஆளில்லை. தினமும் காலை எட்டேகாலுக்குப் போய் கேட்டுக்கு வெளியே நிற்பேன், சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத் திரும்புவேன். யாரிடமும் சண்டை போடவில்லை. கேட்டால், வேலைக்கு வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன். தினமும் ஒரு வெள்ளைத் தாளில், இன்றைக்கு வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை என்று எழுதி, தபாலாபீஸில் பதிவுத் தபாலில் அந்த ஆபீஸுக்கே அனுப்பினேன். இருபத்தெட்டு தபால். இருபத்தொன்பதாவது நாள் கேட் திறந்தது. பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார், புதிதாக வந்தவர் சேர்க்கை உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

உள்ளே போய் நேராகப் பின்பக்கம் போனேன். வேலிக்குள் ஒரு பெண் குனிந்து பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தாள். என் இடத்தில் ஒப்பந்தத்தில் போட்டார்களே, அவள்தான். என் வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாலு வருஷமும் அவளை மனசுக்குள் நான் வைத வசவு கொஞ்சமில்லை. வாசலில் நான் நின்ற இருபத்தெட்டு நாளும் அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போவாள், நானும் அவளைப் பார்க்க மாட்டேன். இப்போது நிமிர்ந்து பார்த்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, வேலிச் சாவியை என்னிடம் நீட்டினாள். இன்றோடு அவளை நிற்கச் சொல்லிவிட்டார்களாம்.

ஜெயித்தவள் மாதிரியே இல்லை, எதையோ பிடுங்கிக்கொண்டவள் மாதிரி நின்றேன். பதிவேடு வேலிக் கம்பி மேல் திறந்து கிடந்தது. அன்றைய கணக்கை எழுதியிருந்தாள். உங்கள் பெயரா இது என்று பக்கத்திலிருந்த கையெழுத்தைக் காட்டிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பழைய பக்கங்களைப் புரட்டினேன், எனக்கு வருஷத்துக்கு இரண்டு பெயர் வைத்தவர்கள் இவளுக்கு மூன்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தாள். பிறகு நின்று, திரும்பி வராமலே கேட்டாள்.

“நீங்க கேஸ் போட்டு எம்புட்டு நாளாச்சுக்கா?”

நாலு வருஷம் என்றேன். அதைக் கேட்டால் யாரும் பயந்துவிடுவார்கள், எனக்குத் தெரியும். அவள் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

“எங்க போயிப் போடணும்?”

வேலியைப் பூட்டிவிட்டு அவளிடம் போனேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேடத்தின் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். திங்கட்கிழமை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொன்னேன், நானும் லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னேன்.